சூளைக்கு விருந்து வைத்தோம்

மட்பாண்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கண்டதும் முதலில் கேட்பது, "அண்ணை, விறகுச் சூளை எத்தனை டிகிரிக்கு ஏறும்?" என்பதுதான். அது புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகளே. மண்ணை எப்படிப் பிசைவது, சக்கரத்தில் எப்படி நடுவில் நிறுத்துவது என்பதையெல்லாம் பட்டறையில் காட்டிவிடுவார்கள். நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவன். முதுகு வளைய மறுக்கிறது, வாய் மட்டும் ஓயவில்லை. ஆகவே புத்தகத்தில் இல்லாத ஒன்றிரண்டு சங்கதிகளை எழுதுகிறேன். நெஞ்சு படபடக்கிற நேரத்தில் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யாமல் இருப்பது என்பதைப் பற்றியவை அவை.

நான் இந்தத் தொழிலுக்குள் பின்வாசலால் வந்தவன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், மொன்ட்ரியாலில் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை எனக்கு. அப்போது விமானக் கம்பனிகளுக்குக் கெட்ட காலம். எங்கள் வேலை நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். மீதி நேரத்துக்கு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அல்பேட் வந்தான். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்தவன், பொருட்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டுகிறவன், ஊர்ச்செய்தி, ஊர்ப்புதினம் எல்லாம் அவனிடம் உண்டு.

"சென்ட் லோரன்டிலை ஒரு ஜப்பான்காரி சட்டி பானை செய்யிறா. மண் மூட்டை தூக்க ஆள் தேடுறா. உனக்கு நாரிப்பிடிப்பு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டான்.

முதுகுவலி அப்போது இல்லை. போனேன்.

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் கோபிப்பார். என் வயதுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் பாதியை வாடகைக்கு எடுத்துப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். ஜப்பானில் மட்பாண்டத்துக்குப் பேர்போன ஓர் ஊரில் பல வருடம் இருந்தவர். அங்கே அவரை மண் குழைக்கவிட்டார்கள், விறகு பிளக்கவிட்டார்கள், சாடி வனையவும் விட்டார்கள். சூளை வாயில் நின்று நெருப்புக்கு விறகு கொடுக்க மட்டும் விடவில்லை. அது ஆண்களின் இடமாம். "என் சாடிகளை எப்போதும் வேறு யாரோதான் சுட்டார்கள்" என்று ஒருமுறை சொன்னார். அந்தக் கோபத்தோடுதான் மொன்ட்ரியாலுக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகு, நகரத்துக்கு வெளியே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு பண்ணைக்காரரிடம் துண்டு நிலம் எடுத்து, தன் கையால் ஒரு சூளை கட்டினார் என்பது தெரியும். ஏனென்றால் அதன் செங்கல்லில் பாதியைச் சுமந்தது நான்.

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தை ஆளுக்கொரு பக்கத்தால் உடைத்துப் பேசினோம். இடையிடையே கொஞ்சம் பிரெஞ்சு. அல்பேட்டைத் தவிர எல்லோரும் என்னை "அண்ணை" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் ஒரு மடாம் கையில் பூச்சாடியோடு வந்து "பொன்ஜூர்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று விளங்கிவிட்டது. எங்களிடம் வாங்கிய சாடி அது. பியானோவின் மேல் வைத்தாராம். ஒரே இரவில் அடியால் தண்ணீர் கசிந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். "மடாம், இது கையால் வனைந்தது. மூச்சு விடும். ஜப்பானில் அதைத்தான் அழகு என்பார்கள்" என்று, பட்டறையில் யாரோ சொல்லக் கேட்டதை அப்படியே எடுத்துவிட்டேன். எனக்கே நான் பேசியது பிடித்திருந்தது.

உள்ளேயிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பியானோ எப்படி இருக்கிறது?"

மடாமின் முகம் அந்தக் கணமே இளகிவிட்டது. பியானோவுக்குப் பெரிய சேதம் இல்லை. அம்மா தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். சாடியை வாங்கி, அரிசிக் கஞ்சி காய்ச்சி, அதை நிரப்பி அடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்தார். கஞ்சி போய்த் துளைகளை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் புதுச் சட்டி வாங்கினால் செய்கிற அதே காரியம். மடாம் கதிரையில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். போகும்போது கசியாத சாடியோடு இரண்டு கிண்ணமும் வாங்கிக்கொண்டு, "மெர்சி" என்று சிரித்துவிட்டுப் போனார். பட்டறை முழுக்கக் கஞ்சி வாசம்.

அதன் பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, "மூச்சு விடுவது சாடிக்கு நல்லது, அண்ணை. பியானோவுக்கு நல்லதில்லை" என்றார். அவ்வளவுதான் ஏச்சு. பாரம்பரியம் என்ற சொல்லைப் பொத்தலுக்கு மேல் போர்வையாகப் போட்டு விற்காதீர்கள், பிள்ளைகளே. வாங்குகிறவருடைய பியானோவைப் பற்றி முதலில் கேளுங்கள்.

மூட்டை தூக்கப் போனவன் மெல்ல மெல்ல மண்ணில் கை வைத்தேன். இரண்டு வருடத்தில் கிண்ணமும் தட்டும் வனையத் தொடங்கிவிட்டேன். சூளை கட்டி முடிந்ததும் அம்மா, "கூட்டாளியாக வருகிறாயா? முழு நேரம்" என்று கேட்டார். கேட்ட அதே கிழமைதான் டோர்வலில் என் மேற்பார்வையாளர் சின்னராசா அண்ணையும் கூப்பிட்டார். திருகோணமலைக்காரர், நல்ல மனிதர். காலை நேர முழு வேலை ஒன்று வந்திருக்கிறது, எனக்காக மாத முடிவு வரை பிடித்து வைக்கிறேன் என்றார்.

வீட்டில் என் மனைவி றீற்றா இரண்டையும் கேட்டாள். ஒரு வயோதிபர் இல்லத்தில் தாதி உதவியாளராக வேலை செய்கிறவள். ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, துடைத்து அடுக்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு உந்தக் கலை கிலை ஒண்டும் விளங்காது. முதல் சூளையை எரியுங்கோ. திறக்கிற அண்டைக்கு நானும் வந்து பாக்கிறன். நல்லா வந்தா நில்லுங்கோ. இல்லாட்டி பேந்து கதையில்லை, டோர்வல்தான்."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நியாயமான பேச்சு. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தட்டு அடுக்குகிற மேசைக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் எனக்கு ஒரு வேலை பிடித்துப்போயிருந்தது. அது ஒரு பெரிய சங்கடம்.

விறகுச் சூளை நாட்கணக்கில் இடைவிடாமல் எரிய வேண்டும். அதற்கு முறை வைத்து நிற்க ஆட்கள் வேண்டும். அம்மாவுக்கு அதுதான் கவலை. "ஆக்களைப் பற்றிக் கவலைப்படாதையுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பங்கில் ஒரு சொல் போட்டேன். நீண்ட வார இறுதி. எட்டுப் பேரை எதிர்பார்த்தேன். அதைப்போல இரண்டு மடங்கு வந்து இறங்கியது. எங்கள் சனம் கூடி வாழும் மொன்ட்ரியால்-நோரிலிருந்து கார் காராக வந்தார்கள்; சமையலுக்கென்று றீற்றாவும் வந்தாள். இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, பெரிய பானையில் சம்பலோடு மரவள்ளி. எல்லோருக்கும் போதும் என்று அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த சோற்று உருண்டைகள் சாப்பாடு பரிமாறுவதற்கு முன்பே கொறித்து முடிந்துவிட்டன.

நெருப்பு மூட்டும் முன் அம்மா சூளையின் மேல் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் அரிசி, ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசி மது வைத்துக் கைதட்டிக் கும்பிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அல்பேட் ஓடிப்போய் வானிலிருந்து தீர்த்தப் போத்தலை எடுத்து வந்து தெளித்தான். அவனோடு வந்திருந்த ஒரு சைவப் பெடியன், தான் மட்டும் என்ன குறைச்சல் என்று கற்பூரம் கொளுத்தினான். அந்தச் சூளையைப்போலப் பாதுகாப்பான சூளை கனடாவிலேயே இருந்திருக்காது.

விதி ஒன்றுதான். போட்ட விறகு எரிந்து, சுவாலை தெளிந்த பிறகு, ஒரு கை விறகு. கதவை மூடு. காத்திரு. அம்மா அதைத் தானே செய்து காட்டி, ஒவ்வொருவரையும் செய்யவைத்து, விளங்கியதா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம்.

முதல் இரண்டு நாளும் வெப்பம் ஒழுங்காக ஏறியது. அம்மா சூளை வாயில் நின்ற கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகம் முழுக்கக் கரி, தலையில் துவாய், வாயில் பாட்டு. இத்தனை வருடம் தன்னை விடாத இடத்தில் நிற்கிறார் அல்லவா. படுத்து எழும்பச் சொன்னாலும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வெப்பம் காட்டும் முள் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. புகைபோக்கியால் கறுத்த புகை. விறகு போட்டோம், இன்னும் இறங்கியது. கூடப் போட்டோம், இன்னும் வேகமாக இறங்கியது. சாடிகள் சுட வேண்டிய சூடு இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. அங்கே போய்ச் சேராவிட்டால் உள்ளே இருந்த ஒரு வருட வேலை வெறும் ஓட்டாஞ்சில்லுதான். என் கிண்ணங்களும் அதற்குள்தான்.

அம்மா கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். விறகு போடுகிற அறை முழுக்கத் தணல், கழுத்துவரை. காற்று நுழைய இடமே இல்லை.

அவர் எங்களை வரிசையாகப் பார்த்தார். "யார் ஒரு கைக்கு மேல் போட்டது?"

எல்லோரும் பனிக்காலத்து மரம் மாதிரி நின்றோம். கடைசியில் அல்பேட் தொண்டையைச் செருமினான். "நான் ஒண்டே ஒண்டுதான் கூடப் போட்டனான்... ஒவ்வொரு முறையும்."

"நான் சின்னனாப் பாத்துத்தான் வைச்சனான்" என்றாள் றீற்றா.

"குளிருக்கை பாவமாக் கிடந்தது" என்றான் கற்பூரப் பெடியன்.

ஒவ்வொருவராக வந்தது. என் முறை வந்தபோது நானும் கையை உயர்த்தினேன். யாருக்கும் மற்றவர் போட்டது தெரியாது. எங்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. போதும் என்று கையால் தட்டை மறைத்தாலும் விரலிடுக்கால் ஒரு கரண்டி போட்டுவிடுகிற சனம் நாங்கள். சூளை ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்து வைத்திருந்தால் சும்மா விடுவோமா? மூன்று நாளும் அதற்கு விருந்து வைத்திருக்கிறோம். அதற்கு மூச்சு முட்டிவிட்டது.

அம்மா ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையிலிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, மெல்லிய குரலில், "நானும்" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"நானும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடப் போட்டேன். என் முதல் நெருப்பு. அணைந்துவிடுமோ என்று பயம்."

அல்பேட்டுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோருக்கும். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குவித்திருந்த விறகுக் கும்பத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தார். முள் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது.

சிரித்து முடித்து அவர் எழுந்தபோது வேறு ஆளாக இருந்தார். அடியில் இருந்த காற்று வழிகளை எல்லாம் திறக்கவைத்தார். நீண்ட இரும்புக் கம்பியால் தணலை மெல்லக் கிளறினார். பிறகு என்னிடம் வந்தார். "இனி விறகு இல்லை. தணல் தானாக எரிந்து இறங்கட்டும். என் கண் மூன்று நாளாக நித்திரை கொள்ளவில்லை, இனி அதை நம்ப மாட்டேன். நீ இங்கே இரு. யாரையும் போட விடாதே. எப்போது போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும்." சொல்லிவிட்டு அல்பேட்டின் வானுக்குள் ஏறிப் படுத்துவிட்டார். சூளையின் சாவியையே என்னிடம் தந்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒருவர் நித்திரைக்குப் போகிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. களைத்த கண்ணை ஓரமாக வைக்கத் தெரிவதும் தொழில்தான் என்று விளங்க எனக்குப் பிறகு பல சூளை எடுத்தது.

விறகுக் கும்பத்துக்கும் சூளை வாய்க்கும் நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். சனம் பேரம் பேச வந்தது. "ஒரு சின்னத் துண்டு" என்று அல்பேட். "பிள்ளையைப் பட்டினி போடுற மாதிரி எல்லோ கிடக்கு" என்று இன்னொருவர். எல்லோரையும் சாப்பிட அனுப்பினேன். அங்கே நன்றாகச் சாப்பிட்டார்கள். நான் வாளியை விட்டு எழும்பவில்லை.

கடைசியில் றீற்றா வந்தாள். பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தாள்.

"விழுந்துகொண்டெல்லோ போகுது."

"ஓம்."

"இது விழுந்தா என்ன எண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருக்கிறியளே!"

"நீர் போய் இரும், றீற்றா. சும்மா இருக்கச் சொல்லித்தான் என்னை இதிலை வைச்சிருக்கு."

அவள் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு துண்டு விறகைத் தூக்கி எறிந்தால், குறைந்தது ஏதோ செய்தேன் என்ற ஆறுதலாவது கிடைக்கும். பிள்ளைகளே, உங்களுக்கும் இந்த நேரம் வரும். முள் இறங்கும்போது கை தானாக விறகுக்குப் போகும். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் போடு போடு என்பார்கள். அது உங்கள் பயத்துக்குப் போடுகிற விறகு. சூளைக்கு அல்ல.

புகை முதலில் சாம்பல் நிறமானது. பிறகு நின்றது. தணல் சிவப்பிலிருந்து மெல்ல வெளிறியது. இதற்கிடையில் சூளையின் சத்தமே மாறிவிட்டது. அதுவரை முனகிக்கொண்டிருந்தது, இப்போது நீளமாக மூச்சு இழுத்தது. முள் இறங்குவதை நிறுத்தியது. அப்போதே போட்டுவிடலாம் என்று எழும்பினேன்; மறுபடி உட்கார்ந்தேன். முள் ஒரு மயிரிழை ஏறியதைக் கண்ட பிறகுதான் கையை நீட்டினேன். றீற்றா ஒரு துண்டை எடுத்துத் தந்தாள். அடுத்த துண்டையும் எடுத்தவள், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கும்பத்திலேயே வைத்தாள்.

"ஒண்டு காணும், போதும்" என்றாள்.

வெயில் சாயும் நேரத்தில் அம்மா வானிலிருந்து இறங்கி வந்தார். முள்ளைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டார். தமிழில் அந்த ஒரு கேள்வியை மூன்று நாளில் எங்கள் ஆட்களிடம் பழகியிருந்தார். அடுத்த நாள் வேண்டிய சூட்டுக்கு ஏறினோம். வாயைச் செங்கல் வைத்து அடைத்தோம்.

ஆறவிட்டு, அடுத்த சனிக்கிழமை திறந்தோம். அது மாதத்தின் கடைசி நாள். றீற்றா சொன்னபடியே வந்திருந்தாள். சூளைக்குள் ஓர் ஆள்தான் போகலாம், அதுவும் முழங்காலில். நான் உள்ளே; றீற்றா வாயில் நின்று வாங்கி, அம்மாவிடம் கொடுத்தாள்.

முன்வரிசை போய்விட்டது. தணலுக்குள் புதைந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, சில வாய் கோணி, சில உடைந்தே கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே கொடுத்தேன். றீற்றா வாங்கியவுடன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். இரண்டாம் வரிசையில், பாதி தணலில் மூழ்கியிருந்த சாடிகள் கருநீலமும் சாம்பலுமாக இருந்தன. அப்படி ஒரு நிறத்தை நான் அதுவரை கண்டதில்லை. அதற்குப் பின்னால் சாம்பல் உருகிப் பச்சையாக வழிந்தவை. வெளியே அம்மா சிறுபிள்ளைபோலக் கத்துவது கேட்டது. றீற்றாவின் சத்தம் மட்டும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு உள்ளிருந்து வழியில்லை. கைகள் மட்டும்தான் தெரிந்தன. முதலில் வாங்கியவுடன் கொடுத்துவிட்ட கைகள் இப்போது ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்த பிறகே கொடுத்தன.

பின்வரிசையில் என் கிண்ணங்கள். முதலாவதைக் கையில் எடுத்தபோது என் கைபேசி அடித்தது. அது றீற்றாவின் கைப்பைக்குள் இருந்தது.

"ஹலோ... ஓம் சின்னராசா அண்ணை, சுகமா இருக்கிறியளோ?... ஓம், ஓம், இண்டைக்குத்தான் முடிவு சொல்லவேணும் எண்டவர்."

நான் கிண்ணத்தோடு அப்படியே இருந்தேன். முழங்காலுக்குக் கீழே செங்கல் இன்னும் சூடாக இருந்தது.

"இல்லை அண்ணை, அவரிட்டைக் குடுக்கேலாது."

சின்னராசா அண்ணை ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அவர் வேலையிலை நிக்கிறார் அண்ணை. நீங்கள் அந்த இடத்துக்கு வேறை ஆளைப் போடுங்கோ."

கைப்பை மூடுகிற சத்தம். பிறகு கரி படிந்த இரண்டு கைகளும் சூளை வாய்க்குள் நீண்டன.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? அடுத்ததைத் தாங்கோ."